எலெக்ட்ரிக் கார்: புதுசா, கைமாறியதா?

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். அவர் பானெட்டைத் திறப்பார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சைலன்சர் புகையின் நிறம் பார்ப்பார். ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தொட்டு முகர்வார். பத்து நிமிடத்தில் ‘எடுக்கலாம் சார்’ என்றோ, ‘வேணாம், விட்டுடுங்க’ என்றோ தீர்ப்பு வந்துவிடும். எலெக்ட்ரிக் காருக்கு முன்னால் அந்தக் கைத்திறன் செல்லாது. அதில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை, இன்ஜின் ஆயிலும் இல்லை. காரின் விலையில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி விழுங்கும் பேட்டரி, இருக்கைகளுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் கிடக்கிறது. அதன் வயது வெளியே தெரியாது.

இந்தத் தெரியாமைதான் இன்று கைமாறும் எலெக்ட்ரிக் காரின் விலையைத் தீர்மானிக்கிறது. ஹூண்டாய் கோனா 2019 ஜூலையில் வந்தது. டாடா நெக்ஸான் இ.வி.யும் எம்.ஜி. இசட்.எஸ். இ.வி.யும் 2020 ஜனவரியில் வந்தன. நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்கள் எலெக்ட்ரிக் காரைத் துணிந்து வாங்கத் தொடங்கிய காலம் அது. அன்று வாங்கியவர்களில் பலர் இப்போது பெரிய பேட்டரி உள்ள வண்டிக்கு மாறுகிறார்கள். அவர்கள் விடும் கார்கள், புதுசின் விலையில் பாதிக்கும் அதை ஒட்டிய விலைக்கும் கிடைக்கின்றன. கையில் உள்ள பணத்துக்கு எதை வாங்குவது என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்போது பேச்சு நடக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓட்டம், வீட்டில் சார்ஜ் போட இடம், பேட்டரி வாரண்டியில் நான்கைந்து ஆண்டு மிச்சம். இந்த மூன்றும் இருந்தால் கைமாறிய கார்தான் சரி. நிறைய ஓடுகிறவரும், வீட்டுக்கு ஒரே கார் வைத்து அதிலேயே வெளியூரும் போகிறவரும் புதுசு வாங்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. வாரத்துக்கு நான்கு முறை கடைத்தெருவுக்குப் போகிறவர் ஷோரூமில் மாலை போட்டுச் சாவி வாங்குகிறார். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவர், வாரண்டி முடியப்போகும் வண்டியைக் குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு எடுக்கிறார்.

விலை ஏன் இப்படிச் சரிகிறது?

பெட்ரோல் காரின் விலை வயதாக ஆகக் குறையும். எலெக்ட்ரிக் காரின் விலை, கார் வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதே புதுக் காரின் விலைப்பட்டியலைப் பார்த்துக் குறைகிறது. 2023 செப்டம்பரில் புதுத் தோற்றத்தில் வந்த நெக்ஸான் இ.வி.யின் தொடக்க விலை 14.74 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு குறைப்பு, செப்டம்பரில் இன்னொரு குறைப்பு. தொடக்க விலை 12.49 லட்சத்துக்கு வந்து நின்றது. எம்.ஜி. காமெட் 7.98 லட்சத்தில் அறிமுகமாகி, ஒரு வருடத்துக்குள் 6.99 லட்சமானது. முன்பே வாங்கியவரின் காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அவர் விற்கப் போனால், வருகிறவர் இன்றைய புது விலையில் இருந்துதான் பேரம் தொடங்குவார்.

பின்னணியில் இருப்பது பேட்டரியின் விலை. 2010 வாக்கில் ஒரு கிலோவாட் மணி, அதாவது ஒரு யூனிட், சேமிப்புக்கு ஆயிரம் டாலருக்கு மேல் ஆன லித்தியம் பேட்டரிப் பெட்டி, புளூம்பெர்க்என்.இ.எஃப். கணக்கெடுப்பின்படி 2024இல் உலகச் சராசரியாக 115 டாலருக்கு இறங்கியிருந்தது. பேட்டரி மலிவாக ஆக, புது வண்டி மலிவாகும் அல்லது அதே விலைக்குப் பெரிய பேட்டரியோடு வரும். இரண்டில் எது நடந்தாலும் பழைய வண்டிக்கு இறக்கம்தான்.

வரியும் சேர்ந்துகொள்கிறது. புது எலெக்ட்ரிக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இது 2019 ஆகஸ்ட் முதல் மாறவில்லை. பெட்ரோல் சிறு கார்களுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்ததால், இரண்டுக்கும் இடையே இருந்த வரி இடைவெளி சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு பத்து முதல் இருபது லட்சம் ரூபாய்க்குள் உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம். 13 லட்சம் ரூபாய்க் காருக்கு இது இரண்டே கால் லட்சத்துக்கு மேல் வரும். எலெக்ட்ரிக் கார்களுக்கு மாநில அரசு சாலை வரி விலக்கு தந்து, அதை நீட்டித்தும் வந்திருக்கிறது. புதுசு வாங்குகிறவர், வாங்கும் தேதியில் நடப்பில் உள்ள ஆணையை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. பழைய பெட்ரோல் கார் வாங்கும்போது, முதல் உரிமையாளர் கட்டிய ஆயுள்கால வரியின் மிச்சத்தையும் சேர்த்து வாங்குகிறோம். அதனால் அதன் விலை சற்றே தாங்கி நிற்கும். எலெக்ட்ரிக் காரில் அப்படிக் கட்டிய வரியே இல்லை. ஆகவே அதன் பழைய விலை இன்னும் கீழிருந்து தொடங்குகிறது. விற்கிறவருக்கு இது வருத்தம், வாங்குகிறவருக்கு லாபம்.

பழைய கார்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2024 டிசம்பரில் ஜெய்சால்மர் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தில் முடிவானபோது பலர் பயந்துபோனார்கள். அது வியாபாரி தன் லாபத்தின் மீது மட்டும் கட்டும் வரி. ஆறு லட்சத்துக்கு எடுத்து ஏழு லட்சத்துக்கு அவர் விற்றால், நடுவில் நிற்கும் ஒரு லட்சத்துக்குப் பதினெட்டாயிரம். தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் இந்த வரி இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

தாம்பரத்தில் வீடு, சிறுசேரியில் வேலை என்று வைத்துக்கொள்வோம். போக வர ஐம்பது, அறுபது கிலோமீட்டர். வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை. மாதம் ஆயிரம் கிலோமீட்டர். பெட்ரோல் கார் லிட்டருக்குப் பதினைந்து கொடுத்தால், லிட்டர் நூறு ரூபாய் என்ற கணக்கில் மாதம் ஆறாயிரத்து எழுநூறு ரூபாய் பங்க்கில் போகும்.

எலெக்ட்ரிக் காரின் செலவைக் கணக்கிடும்போது ஷோரூமில் சொல்லும் ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ என்பதை அப்படியே எடுக்கக் கூடாது. நம் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கடுக்காக ஏறுவது. முதல் நூறு யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழ் அடுக்கில் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில் காரும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஒரு யூனிட்டில் சிறு கார் ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் சூடாக வீணாகும். இரண்டு மாத ஓட்டமான இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு 315 யூனிட் அளவில் ஆகும். மீட்டர் 615இல் நிற்கும். பில் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கூடும். கிலோமீட்டருக்கு ஒன்றேகால் ரூபாய் என்று வையுங்கள். ஆகவே மாதச் சேமிப்பு ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி.

இப்போது கார் விலைக்கு வருவோம். புதுசு பன்னிரண்டரை லட்சம், மூன்று நான்கு வயதான அதே வகைக் கார் ஏழு லட்சம் என்றால் வித்தியாசம் ஐந்தரை லட்சம். இந்த ஐந்தரை லட்சத்தை மட்டும் 9 சதவீத வட்டிக்கு ஐந்து ஆண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை பதினோராயிரத்து நானூறு. பெட்ரோலில் மிச்சமாவதைப் போல இரண்டு மடங்கு, ‘புதுசு’ என்ற ஒரே காரணத்துக்காகப் போகிறது. கைமாறிய காருக்கு வங்கி இரண்டு, மூன்று சதவீதம் கூடுதல் வட்டி கேட்கும். அதைச் சேர்த்தாலும் தராசு சாயும் பக்கம் மாறாது.

அதே கணக்கை மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்கோ சிறு வியாபாரிக்கோ போட்டால் படம் மாறுகிறது. மின்கட்டணம் மேல் அடுக்குக்குப் போனாலும் அவருக்கு மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகும். புதுசின் கூடுதல் தவணையை அதுவே கட்டிவிடும். அதைவிட முக்கியம், வாரண்டியில் உள்ள கிலோமீட்டர் எல்லை. பெரும்பாலான கார்களுக்கு வழக்கமாகத் தரப்படும் பேட்டரி வாரண்டி எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. ஏற்கெனவே 60,000 ஓடிய காரை இவர் எடுத்தால், ஆண்டுக்கு 30,000 வீதம் மூன்றரை ஆண்டுக்குள் வாரண்டி தீர்ந்துவிடும். காகிதத்தில் ஐந்து ஆண்டு இருந்து பயனில்லை.

மறு கோடியில், மாதம் முந்நூறு கிலோமீட்டர்கூட ஓட்டாத ஓய்வுபெற்ற தம்பதி இருக்கிறார்கள். அவர்களுக்கு எரிபொருள் சேமிப்பு மாதம் ஆயிரத்து அறுநூறு ரூபாய். பணத்தை மட்டும் பார்த்தால் நல்ல பழைய பெட்ரோல் கார் போதும். சத்தமில்லாத ஓட்டமும், கியர் மாற்றாத சுகமும், பங்க்குக்குப் போகத் தேவையில்லாத வசதியும் வேண்டும் என்பதற்காக எலெக்ட்ரிக் வாங்கலாம். அது நியாயமான ஆசை. சேமிப்பு என்று அதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை.

வீட்டில் சார்ஜ் போட வழியில்லை என்றால் இந்தக் கணக்கு எதுவுமே நிற்காது. வெளியே உள்ள ஃபாஸ்ட் சார்ஜரில் வரியோடு யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டி ஆகும்; கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். அடுக்குமாடியில் இருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சங்கத்தின் அனுமதியையும், தங்கள் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை கேபிள் இழுக்க முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். 15 ஆம்ப்பியர் பிளக் பாயின்ட்டும் சரியான எர்த்தும் இருந்தால் சிறு பேட்டரிக்கு இரவு முழுவதும் போதும்.

பேட்டரிக்கு எவ்வளவு வயது?

கைமாறிய காரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே: ‘பேட்டரி போயிடுமா சார்?’ கைபேசியில் இரண்டு ஆண்டில் பேட்டரி சோர்ந்துபோவதைப் பார்த்துப் பழகியவர்களின் பயம் அது. கார் பேட்டரி அப்படி அல்ல. அதற்கென்று தனிக் குளிர்விப்பு, ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, முழுத் திறனையும் சுரண்ட விடாத ஒதுக்கீடு எல்லாம் உண்டு. ஆயிரக்கணக்கான வண்டிகளின் தரவைத் தொகுத்துவரும் கனடாவின் ஜியோடாப் நிறுவனம், சராசரித் தேய்மானம் ஆண்டுக்கு 2 சதவீதத்தை ஒட்டி இருப்பதாகக் கண்டது. ஐந்து ஆண்டில் பத்து சதவீதம். முதல் நெக்ஸான் இ.வி.யில் 30.2 கிலோவாட் மணி பேட்டரி. நிறுவனம் சொன்ன ரேஞ்ச் 312 கிலோமீட்டர். ஏ.சி. போட்டு நகர நெரிசலில் ஓட்டினால் இருநூறை ஒட்டித்தான் கிடைக்கும். பத்து சதவீதம் போனால் நூற்றி எண்பது. தாம்பரம்–சிறுசேரிக்காரருக்கு அது மூன்று நாள் ஓட்டம்.

ஆனால் சராசரியை நம்பி கார் வாங்கக் கூடாது. வெயில் ஒரு காரணி. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரத்து நிசான் லீஃப் உரிமையாளர்கள், வாங்கிய ஓரிரு ஆண்டிலேயே ரேஞ்ச் சுருங்குவதாக 2012இல் புகார் எழுப்பினார்கள். அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. பாலைவன வெயிலை அதனால் தாங்க முடியவில்லை. பின்னர் அந்த நிறுவனம் பேட்டரியின் கொள்ளளவுக்கும் வாரண்டி தர வேண்டி வந்தது. வேலூரிலும் திருச்சியிலும் கத்திரி வெயிலில் நாள் முழுக்க மொட்டை வெளியில் நிற்கும் காருக்கும், நிழலில் நிற்கும் காருக்கும் வித்தியாசம் உண்டு. முழுச் சார்ஜோடு வெயிலில் நிற்பது இன்னும் கெடுதல். எப்போதும் ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பிய வண்டி வேகமாகத் தேய்கிறது.

பேட்டரியின் வேதியியலையும் கேட்டறிய வேண்டும். நெக்ஸான், டியாகோ போன்றவற்றில் இருப்பது எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். கோனாவிலும் முதல் இசட்.எஸ். இ.வி.யிலும் இருந்தது நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை. எடைக்கு எடை இந்த இரண்டாம் வகை அதிக மின்சாரம் பிடிக்கும். சூட்டையும், நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்குவதையும் தாங்குவதில் எல்.எஃப்.பி. மேல். கைமாறிய கார் என்றால் என் ஓட்டு எல்.எஃப்.பி.க்கே. அதில் ஒரு சிறு தொல்லை உண்டு: சார்ஜ் குறையும்போது அதன் மின்னழுத்தம் பெரிதாக இறங்குவதில்லை. அதனால் எவ்வளவு மிச்சம் என்று கணிப்பதில் கம்ப்யூட்டர் தடுமாறும். அவ்வப்போது நூறு சதவீதம் வரை ஏற்றிவிட்டால் கணிப்பு சரியாகும். இது தெரியாமல் ஓட்டிய காரில், இருபது சதவீதம் காட்டிய முள் திடீரென்று பத்துக்கு விழும்.

சோதிப்பது எப்படி? நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கிய அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் மொத்த மதிப்பெண்ணோடு செல்களுக்கு இடையே மின்னழுத்த வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு செல் மட்டும் பின்தங்கினாலும் மொத்தப் பெட்டியும் அவற்றின் அளவுக்குத்தான் வேலை செய்யும்.

அறிக்கையோடு நிற்காமல் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். விற்கிறவரிடம் முதல் நாள் இரவு நூறு வரை ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் இருபது சதவீதம் வரும்வரை ஓட்டிப் பாருங்கள். உங்கள் அலுவலகப் பாதையிலேயே ஓட்டினால் இன்னும் நல்லது. பிறகு ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டி, இருபதிலிருந்து எண்பதுக்கு ஏற எத்தனை யூனிட் இறங்கியது என்று ரசீதில் பாருங்கள். 30 யூனிட் பேட்டரிக்கு அறுபது சதவீதம் என்றால் 18 யூனிட். ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 19, 20 வர வேண்டும். வெறும் 15 யூனிட்டில் எண்பதைத் தொட்டுவிட்டால் பெட்டி சுருங்கியிருக்கிறது என்று பொருள். இதற்கு அரை நாள் ஆகும். ஏழு லட்சம் கொடுக்கிறவருக்கு அரை நாள் கேட்கும் உரிமை உண்டு. ‘ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க சார், போதும்’ என்கிற வியாபாரியிடம் கைகுலுக்கிவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போகலாம்.

ஓடோமீட்டர் குறைவாக இருப்பதே நல்லது என்ற பெட்ரோல் கால நம்பிக்கையையும் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். நான்கு ஆண்டில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடிய எலெக்ட்ரிக் கார் மாதக்கணக்கில் சும்மா நின்றிருக்கலாம். காலியான பேட்டரியோடு நின்றிருந்தால் அது, நாற்பதாயிரம் ஒழுங்காக ஓடி வீட்டிலேயே மெதுவாக சார்ஜ் ஆன காரைவிட மோசம். 2025 ஏப்ரலில் புளூஸ்மார்ட் வாடகைக் கார் சேவை நின்றுபோனபோது ஆயிரக்கணக்கான எலெக்ட்ரிக் கார்கள் நிறுத்துமிடங்களில் முடங்கின. இப்படி வாடகைக்கு ஓடிய வண்டிகள் தனியார் கைக்கு மாறி வருவது உண்டு. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் சொந்தப் பயன்பாடு, மஞ்சள் எழுத்து என்றால் வாடகை வண்டி. பலகையை மாற்றிவிட்டாலும் ஆர்.சி. வரலாறு மாறாது, அதைப் பாருங்கள்.

வாரண்டி யாருக்கு?

புதுசா பழசா என்ற கேள்வியின் மையமே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். எலெக்ட்ரிக் காரில் நாம் பயப்பட வேண்டிய பெருஞ்செலவு ஒன்றே ஒன்று: பேட்டரிப் பெட்டி. அந்தச் செலவு நிறுவனத்தின் தலையில் இருக்கும்வரை கார் பழையதாக இருப்பது பெரிய விஷயமே இல்லை. அது நம் தலைக்கு வந்துவிட்டால் குறைந்த விலை என்பது வெறும் தோற்றம்.

நிறுவனங்கள் இப்போது ‘ஆயுட்கால பேட்டரி வாரண்டி’ என்று விளம்பரம் செய்கின்றன. எம்.ஜி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் அப்படித்தான் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் மஹிந்திராவின் பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9இ கார்களும் அப்படியே வந்தன. இந்த வாக்குறுதி முதல் உரிமையாளருக்கு மட்டும். கை மாறியதும் விண்ட்சருக்கு எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்றும், மஹிந்திராவுக்குப் பத்து ஆண்டு, 2 லட்சம் கிலோமீட்டர் என்றும் சுருங்கிவிடும். காரும் அதே, பேட்டரியும் அதே, ஆர்.சி.யில் பெயர் மாறும் நாளில் பாதுகாப்பு குறைகிறது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒரே காரை வைத்து ஓட்டும் பழக்கமுள்ள குடும்பத்துக்குப் புதுசு வாங்க இதைவிட நல்ல காரணம் கிடையாது. ஆயுட்கால வாரண்டி அவர்களுக்காகவே எழுதப்பட்டது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறவர், தான் பயன்படுத்தப் போகாத வாரண்டிக்குப் பணம் கொடுக்கிறார். அப்பா பெயரில் வாங்கிப் பின்னால் மகன் பெயருக்கு மாற்றும் வீடுகள் நம்மிடம் நிறைய. அந்த மாற்றமும் இரண்டாம் உரிமையாகக் கொள்ளப்படுமா என்பதை வாங்கும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கைமாறிய காரில் வாரண்டி எண்ணப்படுவது முதல் விற்பனைத் தேதியிலிருந்து. 2020இல் விற்ற நெக்ஸானுக்கு 2028 வரை; 2022இல் விற்றதற்கு 2030 வரை. என் பார்வையில் ஆறு வயது தாண்டிய காரைத் தொட வேண்டாம், விலை எவ்வளவு ஆசை காட்டினாலும். இரண்டரை முதல் நான்கு வயதுக்குள் இருப்பது சரியான பழுத்த பருவம்: விலைச்சரிவின் பெரும்பகுதியை முதல் உரிமையாளர் தாங்கிவிட்டார், வாரண்டியின் பெரும்பகுதி இன்னும் மிச்சம். வாரண்டிப் புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். கொள்ளளவு எவ்வளவுக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்ற எல்லை அதில் இருக்கும். உலகில் பரவலாக உள்ள எல்லை 70 சதவீதம். சர்வீஸ் தவறியிருந்தாலும், வெளியாட்கள் ஒயரை வெட்டி அலங்கார விளக்கோ ஸ்பீக்கரோ சேர்த்திருந்தாலும் நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு உண்டு.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தில் வாங்கிய கார்களும் இனி சந்தைக்கு வரும். விண்ட்சர் அறிமுகமானபோது கார் 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் என்று ஒரு வழி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட காரில் காருக்கு ஒரு கடன், பேட்டரிக்கு ஒரு கணக்கு என்று இரண்டு பாக்கி இருக்கலாம். இரண்டிலிருந்தும் பாக்கியில்லை என்ற சான்று கைக்கு வராமல் பணம் கைமாறக் கூடாது.

மழைத் தண்ணீர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் முடிச்சூரிலும் கார்கள் மூழ்கிக் கிடந்ததை மறக்க முடியாது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள் மக்கள். மூழ்கிய கார்கள் காணாமல் போய்விடுவதில்லை. கழுவி, துடைத்து, வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கும்.

கார் பேட்டரிகளுக்கு ஐ.பி. 67 தரம் என்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். நம் தெருவில் சாக்கடை கலந்த தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பெட்டிக்குள் நீர் போகாவிட்டாலும் வெளியே உள்ள உயர் அழுத்த இணைப்புகள் அரித்துப்போகும். ஆறு மாதம் கழித்துத்தான் எச்சரிக்கை விளக்கு எரியும். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் வரும் சேறு, கால்மிதிக்கு அடியில் உள்ள கம்பளத்தின் வாடை இவற்றைப் பாருங்கள். பாலிசி எண்ணை வாங்கி இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் கிளெய்ம் வரலாற்றைக் கேளுங்கள். உயர் அழுத்தச் சுற்றின் இன்சுலேஷன் சோதனையை சர்வீஸ் சென்டரில் செய்யச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால், அந்தக் கார் எந்த விலைக்கும் வேண்டாம்.

தண்ணீர் ஒருபுறம் இருக்க, சார்ஜ் ஏற்றும் துளையையும் பார்க்க வேண்டும். இன்று நெடுஞ்சாலை சார்ஜர்களில் இருப்பது சி.சி.எஸ். 2 என்ற வகை. மஹிந்திரா இ-வெரிட்டோ, தொடக்ககால டிகோர் இ.வி. போன்றவற்றில் இருந்தது வேறு வகை. அவற்றுக்கு வெளியூரில் சார்ஜர் தேடி அலைய வேண்டும். காமெட்டை நெடுஞ்சாலை ஃபாஸ்ட் சார்ஜரில் மாட்டவே முடியாது. அது நகரத்துக்கு உள்ளேயே ஓட நல்ல கார். திண்டிவனம் தாண்டும் ஆசைக்கு ஆகாது. கோனாவை 2020இல் பேட்டரிச் சிக்கலுக்காக உலகின் பல நாடுகளிலும் இந்தியாவிலும் திரும்ப அழைத்தார்கள்; இங்கே அதன் விற்பனையே 2024இல் நின்றுவிட்டது. பழைய கோனா கிடைத்தால், அந்தச் சரிபார்ப்பு முடிந்ததற்கான ஆதாரம் இல்லாமல் எடுக்காதீர்கள்.

வெளியூர்ப் பயணத்தில்தான் புதுசு தன் விலையை நியாயப்படுத்துகிறது. 2025 ஜனவரியில் வந்த, ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் க்ரெட்டா எலெக்ட்ரிக்கின் பெரிய பேட்டரி 51.4 கிலோவாட் மணி. 50 கிலோவாட் சார்ஜரில் பத்திலிருந்து எண்பதுக்கு 58 நிமிடம். முதல் நெக்ஸானுக்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் ஆகும், ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் பெறுவது அதைவிடக் குறைந்த தூரம்தான். சென்னையிலிருந்து மதுரைக்கு 460 கிலோமீட்டர். புதுசில் ஒரு முறை நின்று சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சேரலாம். பழைய சிறு பேட்டரியில் மூன்று முறை நிற்க வேண்டிவரும். பொங்கலுக்கு முந்தின நாள் மூன்று சார்ஜரிலும் வரிசையில் நிற்பது குழந்தைகளோடு போகிறவர்களுக்குப் பெரிய பாடு. வீட்டில் இன்னொரு பெட்ரோல் கார் இருந்தாலோ, ஊருக்கு ரயிலில் போகிற பழக்கம் இருந்தாலோ இந்தக் கவலையே இல்லை.

தூத்துக்குடியில் 2025 ஆகஸ்ட்டில் ஆலையைத் திறந்த வின்ஃபாஸ்ட் போன்ற புது வரவுகளைப் பொறுத்தவரை, வாங்கினால் நீண்டகாலம் வைத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வாங்க வேண்டும். இந்தியாவில் அவற்றுக்குப் பழைய விலை என்று ஒன்று இன்னும் உருவாகவில்லை. மறுவிற்பனை பயமாக இருந்தால், மூன்று ஆண்டில் அறுபது சதவீத விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று எம்.ஜி. கொடுத்ததைப் போன்ற உறுதிமொழி உள்ள காராகப் பாருங்கள். அதில் கிலோமீட்டர் வரம்பு என்ன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கைமாறிய காரை முடிவு செய்துவிட்டால் கடைசிக் கட்டத்தில் அவசரப்படக் கூடாது. படிவம் 29, 30 கையெழுத்து, கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம், பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்றுவது என்பதெல்லாம் புரோக்கர்களுக்குத் தெரிந்தவை. அவர்கள் பெரும்பாலும் மறப்பது மூன்று. காரோடு வந்த சார்ஜிங் கேபிள் கைக்கு வர வேண்டும். தனியாக வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். முதல் உரிமையாளர் வீட்டுச் சுவரில் மாட்டிய சார்ஜர் பேரத்தில் சேர்த்தியா என்று பேசிக்கொள்ள வேண்டும். காரைக் கைபேசியில் இணைக்கும் செயலியிலிருந்து பழைய உரிமையாளரின் கணக்கை நீக்க வேண்டும். அது நீங்காத வரை உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்; சில மாடல்களில் கதவையும் அவரால் திறக்க முடியும். நிறுவனத்தின் கணினியில் வாரண்டி உங்கள் பெயருக்கு மாறியது என்ற மின்னஞ்சலும், செயலியில் உங்கள் எண்ணும் வரும்வரை பேசிய தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையாக விற்கிறவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்.